டிரெய்லர் இழுக்க ஃபோர்டு எஃப்-150: எந்த ரகம், எந்த கேபின், எந்த எஞ்சின்?

பிளானோ வாசி எழுதியது:

வணக்கம். டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே பிளானோவில் இருக்கிறோம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். கோடை விடுமுறைகளில் கொலராடோ மலைப்பக்கம் போய்த் தங்குவதற்காக ஒரு பயண டிரெய்லருக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். உள்ளேயே தங்கிக்கொள்ளும் வகை. அதன் வெற்று எடை 5,600 பவுண்டு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,200 பவுண்டு என்று தகட்டில் போட்டிருக்கிறது. இதை இழுக்க 2024 மாடல் எஃப்-150 பிக்கப் வண்டி வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டோம். எந்த எஃப்-150 என்பதில்தான் குழப்பம்.

டீலரிடம் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று எக்ஸ்.எல்.டி. என்ற எளிய ரகம், பின்சக்கர இயக்கம். மற்றது பிளாட்டினம் என்ற சொகுசு ரகம், நான்கு சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை, தோல் இருக்கைகள், பெரிய சக்கரங்கள். இரண்டிலும் ஈகோபூஸ்ட் என்ற 3.5 லிட்டர் டர்போ எஞ்சின், இரண்டும் சூப்பர்குரூ என்ற நான்கு முழுக்கதவு கேபின். மனைவிக்குப் பிளாட்டினம் மிகவும் பிடித்துவிட்டது. "இந்த எஞ்சின் பதினோராயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும், உங்கள் டிரெய்லரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை" என்கிறார் விற்பனையாளர். 2.7 லிட்டர் ஈகோபூஸ்டே போதும் என்கிறார் நண்பர் ஒருவர். என் மைத்துனரோ 5.0 லிட்டர் வி8 தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். விலை குறைவு என்பதால் சூப்பர்கேப் என்ற சிறிய கேபின் பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை. தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து தங்கும் மாதங்களில் ஆறு பேர் ஆகிவிடுவோம். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

நெடுஞ்சாலை எழுதியது:

எதற்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு வண்டிகளிலும் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணைப் பாருங்கள். மஞ்சள் பட்டையுடன் டயர் காற்றழுத்த விவரம் தரும் ஒட்டுத்தாள் இருக்கும். "பயணிகளும் சுமையும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டக்கூடாது" என்று அதில் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அது அந்த மாடலுக்குப் பொதுவான எண் அன்று, உங்கள் முன் நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு உரியது. இரண்டையும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

விற்பனையாளர் சொன்ன எண் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணைக் கணிக்கும் சோதனையில் முன் இருக்கையில் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டும் இருப்பதாகக் கணக்கு. பின் இருக்கையில் பிள்ளைகளோ, வண்டியின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் சைக்கிளோ அதில் கிடையாது. பயண டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டியின் மேல் இறங்கும். இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்பே ஒட்டுத்தாளில் உள்ள சுமைத் திறன் தீர்ந்துவிடும். குடும்பத்தோடு போகிற எல்லோரும் முட்டிக்கொள்வது இங்கேதான்.

செங்கொன்றை எழுதியது:

கேபின் பற்றி மட்டும் சொல்கிறேன். சூப்பர்கேப் வேண்டாம். அதன் பின்கதவு தனியாகத் திறக்காது. முன்கதவைத் திறந்த பிறகுதான் அதை எதிர்ப்பக்கமாக விரிக்க முடியும். நெருக்கமான வாகன நிறுத்தத்தில் பிள்ளைகளை இறக்கும்போது இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நீங்கள் சிக்கிக்கொண்டு நிற்பீர்கள். வயதான அம்மாவால் அந்தப் பின் இருக்கையில் காலை மடக்கி உட்காரவே முடியாது. சூப்பர்குரூதான் சரி.

எக்ஸ்.எல்.டி.யில் முன்பக்கம் மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் இருக்கை கிடைக்கும். பார்த்து வைத்திருக்கும் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆறு பேருக்கும் சீட்பெல்ட் உண்டு. பிளாட்டினத்தில் முன்னால் இரண்டு தனி இருக்கைகள், மொத்தம் ஐந்தே பேர். பெற்றோர் வரும்போது இதுவே பெரிய தலைவலியாகிவிடும்.

இன்னொன்று, கராஜின் உள்நீளத்தை அளந்தீர்களா? ஐந்தரை அடித் தொட்டியுடன் சூப்பர்குரூவின் நீளம் 231.7 அங்குலம். ஆறரை அடித் தொட்டி என்றால் 243.5 அங்குலம். நம் பக்கத்துக் கராஜ்கள் பல 20 அடிதான், அதாவது 240 அங்குலம்.

மலைப்பாதை எழுதியது:

மைத்துனர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வி8 எளிமையான எஞ்சின், டர்போ கிடையாது, சத்தமும் அருமை. டெக்சஸ் சமவெளியை விட்டு நகராதவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். உங்கள் வழி வேறு. 287ஆம் நெடுஞ்சாலையில் அமரில்லோ போய், அங்கிருந்து ரேட்டன் கணவாய் ஏறப் போகிறீர்கள். அது 7,834 அடி உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதச் சக்தியை இழக்கும். 400 குதிரைத்திறன் வி8 அந்த உச்சியில் 300 சொச்சமாகிவிடும். டர்போ மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் ஈகோபூஸ்டுக்கு அந்த இழப்பு மிகக் குறைவு.

முறுக்குவிசையையும் பாருங்கள். 3.5 ஈகோபூஸ்ட் தன் 500 பவுண்டு-அடியை நிமிடத்துக்கு 3,100 சுழற்சியிலேயே தந்துவிடும். வி8 தரும் 410க்கு 4,250 சுழற்சி வேண்டும். ஏற்றத்தில் வி8 கியரை இறக்கி இறக்கி அலறும், 3.5 அமைதியாக ஏறும். 2.7 லிட்டரும் நல்ல எஞ்சின், 325 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி. ஐயாயிரம் பவுண்டு டிரெய்லர் என்றால் தயங்காமல் வாங்குங்கள் என்பேன். ஏழாயிரத்தை ஆகஸ்ட் வெயிலில் மலையேற்ற 3.5தான்.

பிளானோ வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாலையில் போய்ப் பார்த்து வந்தேன். எக்ஸ்.எல்.டி. ஒட்டுத்தாளில் 1,790 பவுண்டு. பிளாட்டினத்தில் 1,420 பவுண்டு. ஒரே எஞ்சின், ஒரே கேபின், இவ்வளவு வித்தியாசமா என்று திகைத்துவிட்டேன். கராஜ் சரியாக 20 அடி. இரவில் தெருவில் நிறுத்த எங்கள் குடியிருப்புச் சங்கம் அனுமதிக்காது, ஆகவே ஐந்தரை அடித் தொட்டிதான். எக்ஸ்.எல்.டி.யில் பெஞ்ச் இருக்கை இருக்கிறது. எங்கள் நால்வரின் எடை 475 பவுண்டு. தொட்டியில் சைக்கிள், ஐஸ் பெட்டி, சமையல் சாமான் எல்லாம் சேர்த்து 150 வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை எழுதியது:

கண்ணாடிக் கூரை, மின்சார இருக்கைகள், பெரிய சக்கரங்கள், முன்சக்கர இயக்கத்துக்கான இரும்பு, இவை எல்லாம் எடை. வண்டி தாங்கும் மொத்த எடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சொகுசுக்குப் போனது போக மீதிதான் உங்கள் குடும்பத்துக்கு.

இனி கணக்கு. டிரெய்லரை முழு எடையான 7,200க்கே வைத்து, 13 சதவீதம் போட்டால் கொக்கி மேல் 936 பவுண்டு. எடையை முன் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்கும் கொக்கி அமைப்பு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும், அது ஒரு 90. ஆட்கள் 475, சாமான் 150. மொத்தம் 1,651. எக்ஸ்.எல்.டி.யில் 139 பவுண்டு மிச்சம். பிளாட்டினத்தில் 231 பவுண்டு கூடுதல். பின் அச்சும் டயர்களும் அந்தக் கூடுதலைச் சுமந்துகொண்டு மலை இறங்க வேண்டும், உள்ளே உங்கள் பிள்ளைகள் இருப்பார்கள். பிளாட்டினத்தை விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன்.

அப்பா அம்மாவும் ஏறினால் எக்ஸ்.எல்.டி.யிலும் இடிக்கும். அந்தப் பயணங்களில் தொட்டியைக் காலியாக விடுங்கள். டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பாமல் கிளம்பி, முகாமில் போய் நிரப்புங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல். டிரெய்லரை 6,500க்குள் கொண்டுவந்தால் கொக்கி எடை 845 ஆகும். பெரியவர்கள் இருவருக்கு 290 சேர்த்தாலும் 1,700ல் நிற்கும்.

வேப்பமரம் எழுதியது:

இவ்வளவு இழுபறி எதற்கு? இதைவிடக் கனமான எஃப்-250 வாங்கினால் சுமைத் திறன் பற்றிய பேச்சே எழாதே. பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த பவர்பூஸ்ட் கலப்பின எஞ்சினையும் யாரும் சொல்லவில்லை. 430 குதிரைத்திறன், 570 பவுண்டு-அடி, கூடவே 7.2 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் வசதியும் வாங்கலாம். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சஸே இருட்டில் கிடந்தபோது இந்த வண்டிகளிலிருந்துதான் பலர் வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள்.

மலைப்பாதை எழுதியது:

அந்த மின்வசதி உண்மையிலேயே பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரியும் மோட்டாரும் இதே சுமைத் திறனிலிருந்துதான் கழியும். இவருக்கு மிச்சம் இருப்பதே நூற்றுச் சொச்சம். எஃப்-250 நல்ல யோசனை, டிரெய்லர் இன்னும் ஆயிரம் பவுண்டு கூடினால் நானே அதைச் சொல்வேன். அலுவலகம், பள்ளி, கடை என்று தினமும் ஓட்ட அந்த விறைப்பான ஸ்பிரிங் முதுகை வாங்கிவிடும்.

பிளானோ வாசி எழுதியது:

கணக்கைத் தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன். இரண்டாவது முறை கேட்கவில்லை, எக்ஸ்.எல்.டி. என்றே சொல்லிவிட்டார். சனிக்கிழமை போகிறோம். வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டியது ஏதாவது உண்டா?

நெடுஞ்சாலை எழுதியது:

டிரெய்லர் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவி டாஷ்போர்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொக்கி இருந்தால் அதுவும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆக்சில் விகிதத்தை, அதாவது பின் அச்சில் உள்ள பற்சக்கர விகிதத்தை, கேளுங்கள், 3.55 இருந்தால் நல்லது. அந்த விகிதத்துக்கும் கேபினுக்கும் உரிய இழுவை எண்ணை ஃபோர்டின் 2024 இழுவைக் கையேட்டு அட்டவணையில் நீங்களே பாருங்கள். டீலர் கூடுதலாகப் பொருத்தித் தருகிற தொட்டி மூடி, பக்கப் படி எதையும் ஏற்காதீர்கள், ஒவ்வொன்றும் அந்த 139ல் கை வைக்கும். டிரெய்லரை முழுதாக ஏற்றியதும் நெடுஞ்சாலை லாரி நிறுத்தம் ஒன்றில் எடை மேடையில் ஏற்றி, அச்சு வாரியாக எடைச்சீட்டு வாங்கி இங்கே போடுங்கள். கொக்கியின் இறுக்கத்தை அதை வைத்துச் சரி செய்துவிடலாம்.