9 எம்எம் கார்பைன்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மலைக்காற்று:
கான்பூரில் செய்த 1ஏ1 கார்பைன்தான், பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் துப்பாக்கியின் நம்மூர் வடிவம். ரேஞ்சில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் டிரிகரை இழுத்தார். ‘டக்’ என்று போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் உள் இரும்புத் துண்டு) முன்னால் போய் மோதிய சத்தம் மட்டும்தான், வெடி இல்லை. என்ன ஆச்சு என்று கேட்க, கையில் கார்பைனோடு அப்படியே என் பக்கம் திரும்பிவிட்டார். குழல் வாய் நேராக என் வயிற்றைப் பார்க்கிறது. ரைஃபிள் என்றால் இவ்வளவு சுலபமாகச் சுழலாது. பயிற்சி தரும் உஸ்தாத் பாய்ந்து குழலை மேலே தள்ளினார். அந்த ‘டக்’ இன்னும் காதில் இருக்கிறது.

பழைய சிப்பாய்:
தோட்டா தீர்ந்திருக்கும் தம்பி. இதில் மேகசின் (தோட்டாப் பெட்டி) காலியானால் போல்ட் பின்னால் நிற்காது, முன்னால் போய் மூடிக்கொள்ளும். எனக்கும் இரவு ஃபயரிங்கில் அதே சத்தம் வந்தது, உடம்பே சில்லிட்டது.

நெருஞ்சி:
ஐயா, காலியா இல்லையா என்பதா இப்போது பேச்சு? அவர் திரும்பியதுதான் ஆபத்து. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வெடிக்கவில்லை என்றால் குழல் இலக்கை விட்டு நகரக் கூடாது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், அப்புறம்தான் போல்டைப் பின்னால் இழுத்து உள்ளே பாருங்கள். வரிசை மாறினால் அடுத்த தோட்டாவுக்கு நீங்களே வழி விடுகிறீர்கள். போல்ட் முன்னால் ஓடும்போதே சுடும் துப்பாக்கி இது. இடது கையால் துளை போட்ட குழல் உறையைப் பிடியுங்கள், மேகசினைப் பிடிக்காதீர்கள். விரல் பின்னால் நழுவாமல் இருக்க அங்கே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதைத் தொட்டுப் பழகுங்கள். என் கண் முன்னால் ஒருவர் விரலைக் கிழித்துக்கொண்டார்.

தார்ப்பாலை:
எல்லாரும் பயமுறுத்துகிறீர்களே! ராஜஸ்தானில் மணற்காற்று ஓய்ந்ததும் எடுத்த கார்பைன், உள்ளே நறநறவென்றது. ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. போல்டின் மேல் திருகு போல் ஓடும் வரம்புகள்தான் காரணம், அழுக்கைத் தள்ளிக்கொண்டே போகும். இதற்கு முந்தைய பிரிட்டிஷ் துப்பாக்கியான ஸ்டென்னில் அது கிடையாது. 1953இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட ஸ்டெர்லிங், ஜார்ஜ் பாட்செட் என்பவரின் வடிவமைப்பு, அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. ஒரே குறை, இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் 34 தோட்டா மேகசின். ஜீப்பில் இருந்து குதிக்கும்போது வாரில் மாட்டி என்னைப் பின்னால் இழுத்தது. இஸ்ரேலின் ‘உஸி’ (Uzi) துப்பாக்கியில் மேகசின் கைப்பிடிக்குள்ளேயே போகும், அந்தத் தொல்லை இல்லை.

பழைய சிப்பாய்:
படுத்துச் சுட்டுப் பாருங்கள். பக்கவாட்டு மேகசின் தரையில் இடிக்காது, உஸியுடையது இடிக்கும்.