மேல்தள வீட்டில் இரவு வெக்கை: ஏசி ஓடும் நேரத்தைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி (தருமபுரி)

வணக்கம். தருமபுரியில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். உடன் இருக்கும் மாமனார், மாமியார் இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். எங்களை அதிகம் வாட்டுவது பகல் அன்று, இரவுதான். இரவு ஒன்பது மணிக்குப் பரணிலிருந்து எதையாவது எடுக்கும்போது கை கூரையில் பட்டால் சுடுகிறது; அதே நேரத்தில் வெளியே நின்றால் நல்ல காற்று வீசுகிறது. இதனால் மாலையில் போடும் ஏசி விடியும்வரை ஓடி, மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டியதும் கட்டண அடுக்கும் மாறிவிடுகிறது. தளத்துக்குச் சேதம் வராத எதையும் செய்துகொள்ள வீட்டு உரிமையாளர் சம்மதித்துள்ளார். முதலில் எதைச் செய்யலாம்?

பதில் 1 (கிருஷ்ணகிரி, கட்டட மேற்பார்வையாளர்)

அம்மா, நீங்கள் கை வைத்த இடத்தில்தான் காரணமே இருக்கிறது. நம் மாவட்டங்கள் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் இறுதியை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது; அப்போது சுவர்களைவிட மொட்டை மாடியே அதிக வெயிலை வாங்குகிறது. அந்த வெப்பம் காங்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும் என்பதால், வெயில் தாழ்ந்த பிறகும் கூரை அறைக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஏசி குளிர்விப்பது காற்றை. கூரையோ விடாமல் சுட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் வேலை மாடிக்கு வெள்ளைப் பூச்சு. குறைந்த செலவில் முடிய வேண்டுமானால் சுண்ணாம்பே போதும். பாசியையும் மண்ணையும் சுரண்டிக் கழுவி, தளம் ஈரமாக இருக்கும்போதே, பசை கலந்த சுண்ணாம்பை மெல்லியதாக இரண்டு முறை, ஒன்றுக்கொன்று குறுக்காக அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்த பின் தேய்த்துப் பார்த்தால் கையில் வெள்ளையாக ஒட்டக் கூடாது. ஒட்டினால் பசை போதவில்லை. கல் சுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. எனவே அந்த வேலையை ஆளிடம் விடுங்கள். மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மறுபடியும் அடிக்க வேண்டும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் கூரைப் பெயின்ட் சில ஆண்டுகள் தாங்கும், செலவு கூடுதல்.

மாடியில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் ஒகேனக்கல்லிலிருந்து குடிநீர் கொண்டுவந்து ஊர் ஊராகக் கொடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத் தளத்தில் கொட்டுவது மனத்துக்கு ஒப்பவில்லை.

பதில் 2 (காவேரிப்பட்டணம்)

மேற்குச் சுவரையும் ஜன்னலையும் மறந்துவிடாதீர்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகே அதைத் தடுக்கிறோம். நாற்றுப் பண்ணைகளில் கட்டும் பச்சை வலையை ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டினால் வெப்பம் வெளியிலேயே நின்றுவிடுகிறது. முடிச்சுகளை இறுக்கிப் போடுங்கள். கோடை மழைக்கு முன் வீசும் சூறைக்காற்று என்ன செய்யும் என்பது இங்கே மாந்தோப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். காலை ஒன்பது மணிக்குள் ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மார்ச், ஏப்ரலில் காற்று உலர்ந்திருப்பதால் ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பதில் 3 (தருமபுரி)

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் மழை பெய்து புழுக்கம் ஏறிய நாளில் கூலரால் பயனில்லை. அதைவிட முக்கியம், வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்கள். கடும் வெயில் நாளில், பிற்பகலில் மின்செலவைப் பார்த்து ஏசியை நிறுத்திவிடாதீர்கள். வயதானவர்களுக்குத் தாகமும் குறைவாகத் தெரியும், வியர்வையும் குறைவு; அறை மிகச் சூடாகிவிட்டால் மின்விசிறி அனல் காற்றைத்தான் வீசும். ஏசியை 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் அவர்களுக்கு இதமாக இருக்கும். ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. பழைய மின்விசிறி 75 வாட் வரை இழுக்கும். பிஎல்டிசி என்ற சிக்கன மோட்டார் பொருத்திய மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இப்போது மாலையில் மழை வருகிறதே, சுண்ணாம்பு அடித்தால் நிற்குமா?

பதில் 1

இரண்டு நாள் வானம் வெறித்திருந்தால் போதும் அம்மா. முதல் பூச்சை மாலையில் அடித்து, மறுநாள் காலை தண்ணீர் தெளித்துவிட்டு இரண்டாவதை அடியுங்கள். மழைநீர்க் குழாய் வாயில் சுண்ணாம்புக் கட்டி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.