இரண்டு பழைய டாஸ் மடிக்கணினிகள், ஒரே வட்டு: கேபிள் வழியாகப் பகிர இயலுமா?

கரிசல்மண்:
வணக்கம். என்னிடம் 386 செயலியுள்ள மடிக்கணினி ஒன்றும் 486 ஒன்றும் உள்ளன. 486-இல் எம்எஸ்-டாஸ் 6.22 இயங்குதளம் உள்ளது, வட்டில் இடமும் தாராளமாக இருக்கிறது. 386-இல் டாஸ் 5.0 உள்ளது; அதன் ஃபிளாப்பி டிரைவ் பழுதாகிவிட்டது. இரண்டிலும் சீரியல் போர்ட்டும் பேரலல் போர்ட்டும் உண்டு. நெட்வொர்க் கார்டு இல்லை. 486-இன் வட்டு 386-இல் கூடுதல் டிரைவாகவே தெரியும்படி இணைக்க இயலுமா? கோப்புகளை நகலெடுப்பதோடு, அங்குள்ள நிரல்களை இங்கிருந்தே இயக்கவும் விரும்புகிறேன்.

செப்புக்கம்பி:
இயலும், கேபிளைத் தவிர வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. 1993-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 6.0 முதல், இண்டர்லிங்க், இண்டர்சர்வர் என்னும் இரண்டு நிரல்கள் டாஸுடனேயே வந்தன. வட்டைக் கொடுக்கும் 486-இல் இண்டர்சர்வரை இயக்கிவிட்டு, 386-இன் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் (கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் அமைப்புக் கோப்பு) 'டிவைஸ்=' வரியாக இண்டர்லிங்கைச் சேர்க்க வேண்டும். அந்த வரியைக் கோப்பின் கடைசியில் இடுங்கள். முன்னால் இட்டால், அதற்குப் பின் ஏறும் ராம் டிரைவ் (நினைவகத்தில் உருவாகும் தற்காலிக டிரைவ்) போன்றவற்றின் டிரைவ் எழுத்துகள் மாறிவிடும். 386-இல் டாஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தாலே போதும்; 16 கேபி நினைவகம் மட்டுமே செலவாகும்.

உங்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு: 486-இன் ஃபிளாப்பி டிரைவும் வட்டோடு சேர்ந்தே 386-இல் தெரியும். ஆனால் இண்டர்சர்வர் இயங்கும் வரை 486-இல் வேறு எந்த வேலையும் செய்ய இயலாது.

பிட்டுபைட்டு:
கேபிளைப் பற்றி ஒரு சொல். சாதாரணப் பிரிண்டர் கேபிள் இதற்கு உதவாது. இரு முனையிலும் 25 ஊசி ஆண் இணைப்பி கொண்ட லேப்லிங்க் வகைக் கேபிள் (இரு கணினிகளை நேரடியாக இணைப்பது) வேண்டும். பழைய பேரலல் போர்ட்டுகளின் தரவு ஊசிகள் வெளியே அனுப்புவதற்கென்றே அமைந்தவை என்பதால், ஒரு பக்கத்தின் 2 முதல் 6 வரையிலான ஊசிகளை மறுபக்கத்தின் 15, 13, 12, 10, 11 என்னும், உள்ளே வாங்கும் நிலை ஊசிகளோடு இந்தக் கேபிள் சேர்க்கிறது. அந்த ஐந்தில் நான்கு தரவைச் சுமக்க, ஐந்தாவது 'வந்தது, அடுத்ததை அனுப்பு' என்று தெரிவிக்கும். ஒரு தடவைக்கு அரை பைட்டுதான் போகும் என்றாலும் சீரியலைவிட இது விரைவானது. சீரியல் வழி அதிகபட்ச வேகமான நொடிக்கு 115200 பிட்டில் ஓடினாலும், ஒரு மெகாபைட்டுக்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். நிரல்களைத் தொலைவிலிருந்து இயக்க நினைப்பவருக்கு அது பொறுமையைச் சோதிக்கும்.

கரிசல்மண்:
இருவருக்கும் நன்றி. ஆனால் ஃபிளாப்பியே இல்லாத 386-க்குள் இண்டர்லிங்க் கோப்பை எவ்வாறு கொண்டுசேர்ப்பது?

செப்புக்கம்பி:
அதற்கு மட்டும் சீரியல் கேபிள் வேண்டும். மூன்று கம்பி உள்ளது போதாது, ஏழு கம்பியுள்ள நல்-மோடம் கேபிளாக (மோடம் இன்றி இரு கணினிகளை நேரடியாக இணைக்கும் சீரியல் கேபிள்) இருக்க வேண்டும். 486-இல் இண்டர்சர்வரை '/ஆர்காப்பி' என்னும் தெரிவுடன் இயக்கினால், 386-இல் தட்டச்சிட வேண்டிய இரண்டு கட்டளைகளைத் திரையில் காட்டும். முதலாவது 'மோட்' கட்டளை. அது போர்ட்டை நொடிக்கு 2400 பிட் வேகத்துக்கு அமைக்கும். இரண்டாவதான 'சிடிடிஒய்', விசைப்பலகைக்குப் பதிலாக சீரியல் போர்ட்டிலிருந்தே கட்டளைகளை ஏற்கும்படி 386-ஐ மாற்றிவிடும். பிறகு கோப்புகள் தாமாகவே வந்து சேரும். ஆகவே மோட் நிரல் 386-இன் வட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வந்தபின் இரண்டு கணினிகளையும் அணைத்துவிட்டுப் பேரலல் கேபிளுக்கு மாறுங்கள். வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க், கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டீஃப்ராக், வட்டை வடிவமைக்கும் ஃபார்மட் ஆகிய கட்டளைகள் இணைத்த டிரைவின் மீது செல்லாது. அவற்றை 486-இலேயே நேரடியாக இயக்க வேண்டும்.