காட்பாடி வீட்டுக்கு லாப்ரடாரா, சிப்பிப்பாறையா?
வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் சின்ன காம்பவுண்டு வீடு. வயதான அம்மா, பள்ளி செல்லும் மகள். நாய்க்குட்டி எடுக்கப் போகிறோம். மகளுக்கு லாப்ரடார்தான் வேண்டுமாம். குழந்தைகளோடு நன்றாகப் பழகும், சரி. ஆனால் அதற்கு இரண்டடுக்கு ரோமம். நிறைய கொட்டும், அடிக்கடி சீவிவிட வேண்டும். 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர் வெயிலில் அது படும் பாட்டை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

எனக்குச் சிப்பிப்பாறை மேல்தான் ஆசை. குட்டை ரோமம், நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. ஆனால் முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், கட்டியே போட்டால் பாவம். விடிகாலையில் பாலாற்று மணலில் ஓடவிட்டால் போதுமா? ஆடுகளைத் துரத்துமா? அம்மாவால் கயிற்றைப் பிடித்துச் சமாளிக்க முடியுமா?

இந்தப் பக்கம் சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் தயவுசெய்து உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்து தடுப்பூசி போடும் கால்நடை மருத்துவர் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.