எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு: மெஸ்ஸுக்கு விழுந்த மூன்று ஒற்றை நட்சத்திரங்கள்

மாடி வீட்டு அக்கா: தெருமுனை மெஸ்ஸைக் கூகுள் மேப்பில் பார்த்தீர்களா? போன வாரம் 5 இருந்தது. இன்று 4.1!

கல்லூரித் தம்பி: ஆமாம் அக்கா. ஒரே இரவில் மூன்று பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் "சிக்கன் பிரியாணி வேகவே இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

மாடி வீட்டு அக்கா: சைவ மெஸ்ஸில் சிக்கனா? அநியாயம்!

கேபிள் அண்ணன்: மூன்று பேர்தானே, விடுங்கள்.

ஆடிட்டர் சார்: அப்படி விட முடியாது தம்பி. 11 பேர் ஐந்து ஐந்தாகக் கொடுத்தது 55. இந்த மூன்றும் சேர்ந்து 58. அதை 14-ஆல் வகுத்தால் 4.1. இரண்டாயிரம் பேர் கருத்து எழுதிய ஹோட்டலுக்கு இது உறைக்கவே உறைக்காது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா 2011-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்தார். கூகுள் மேப் போலவே வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் போடும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. அதுவும் தனிக் கடைகளுக்கு மட்டும்தான். ஊரெங்கும் கிளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மெஸ் அம்மா: ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் போனில் பார்த்துத்தான் வருவார்கள் சார். நேற்று ஒருவரும் வரவில்லை. ஒரு குண்டான் சோறு மிஞ்சிவிட்டது.

கேபிள் அண்ணன்: கலங்காதீர்கள் அம்மா. இன்று இரவே குழுவில் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவோம்.

ஆடிட்டர் சார்: வேண்டவே வேண்டாம். அங்கே சாப்பிடாதவர் திட்டினாலும் பொய், புகழ்ந்தாலும் பொய். கூகுள் விதி இரண்டையும் தடுக்கிறது. சாப்பிட்டவர்கள் மட்டும் எழுதுங்கள்.

கல்லூரித் தம்பி: அந்த மூன்றையும் பற்றிக் கூகுளிடம் புகார் கொடுத்துவிட்டேன். அம்மா, நீங்களும் அவற்றின் கீழே பதில் எழுதுங்கள்.

மெஸ் அம்மா: ஆத்திரமாக வருகிறது தம்பி. என்ன எழுதுவது?

கல்லூரித் தம்பி: "எங்களுடையது சைவ மெஸ். பிரியாணி செய்வதில்லை. வேறு கடையை நினைத்து எழுதியிருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்." இவ்வளவு போதும். புதிதாகப் பார்க்கிறவருக்கு விஷயம் விளங்கிவிடும்.

மாடி வீட்டு அக்கா: நான் எழுதிவிட்டேன். மாமனார் காய்ச்சலில் கிடந்தபோது மிளகு ரசத்தைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பியது, வெள்ளிக்கிழமை வாழைப்பூ வடை, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். ஒரு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது என்பதையும் எழுதினேன். தவறாக நினைக்காதீர்கள் அம்மா.

மெஸ் அம்மா: இதில் தவறாக நினைக்க என்ன இருக்கிறது? உள்ளதைத்தானே எழுதியிருக்கிறாய். திண்ணைப் பக்கம் இன்னொரு பெஞ்சு போடத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.