கொயர் கண்டக்டிங் டிஏ, சம்பளம் செப்டம்பர் கடைசியிலதான்: சர்ச் வேலைக்குப் போகலாமா?

ஆல்டோ_பாளை:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, கொயர் கண்டக்டிங்ல (பாடகர் குழுவ நடத்துற படிப்பு) மாஸ்டர்ஸ், டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை) கிடைச்சிருக்கு. ட்யூஷன் வேவர்னு (படிப்புக் கட்டணத் தள்ளுபடி) லெட்டர்ல போட்டிருந்தாங்க, இப்ப போர்ட்டல்ல பாத்தா ஃபீஸ்னு தனியா ஒரு தொகை நிக்குது, சம்பளம் செப்டம்பர் கடைசியிலதானாம், வாடகை ஒண்ணாம் தேதி. இங்க ஒரு சர்ச்சுல கொயர் டைரக்டரா வர்றியான்னு கேக்குறாங்க, ஞாயிறு ஆராதனை, புதன் ராத்திரி ப்ராக்டிஸ், வாராவாரம் செக். நாளைக்குள்ள பதில் சொல்லணும். தூக்கமே வரல.

டல்லாஸ்_மாப்ள:
தங்கச்சி வாழ்த்துக்கள், டென்ஷன் ஆகாத. நாங்க வந்தப்ப ஆறு பேரு ரெண்டு பெட்ரூம்ல கிடந்தோம், பஸ் கிடையாது, இந்தியன் ஸ்டோருக்குப் போக கார் வச்சிருந்த சீனியர்கிட்ட கெஞ்சணும், அவன் வேற பெட்ரோல் காசுன்னு கணக்கு எழுதுவான். குக்கர் கொண்டு வந்தியா? குளிர் ஜாக்கெட் இப்ப வாங்காத, தேங்க்ஸ்கிவிங் சேல்ல வாங்கிக்கலாம்.

சும்மா_சேகர்:
சர்ச்சுன்னா ஊழியம்தானே, கேஷா வாங்கிட்டு கம்முனு இரு. எவன் வந்து கேக்கப்போறான்?

ஸ்காபரோ_ராசா:
தங்கச்சி, இஞ்ச கனடாவில படிக்கிற பிள்ளையள் கேம்பஸுக்கு வெளியில வாரத்துக்கு 24 மணித்தியாலம் வேலை செய்யலாம். அங்கயும் அப்பிடித்தான் இருக்கும், பயப்பிடாதைங்கோ.

டல்லாஸ்_மாப்ள:
இல்ல ராசா அண்ணே, இங்க அப்டி கிடையாது. ஆனா ஒண்ணு கேக்குறேன், பாட்டுப் படிக்க இவ்ளோ செலவு பண்ணி வரணுமா? கம்ப்யூட்டர் படிச்சவனே வேலை இல்லாம உக்காந்திருக்கான்.

டெனர்_தங்கராஜ்:
உங்க லேஆஃப் புலம்பலுக்கு வேற திரெட் இருக்கு பாஸ். தங்கச்சி, டிஏன்னா மேடையில கை வீசறதுன்னு மட்டும் நினைச்சுராத. நான் முதல் செமஸ்டர் பூரா ரைசர் (கொயர் ஏறி நிக்குற படி மேடை) தூக்குனேன், ஃபோல்டர்ல நோட்ஸ் அடுக்குனேன், அட்டெண்டன்ஸ் எடுத்தேன், பேஸ் குரல் பசங்களுக்கு மட்டும் தனி ப்ராக்டிஸ் (செக்ஷனல்) வச்சேன். கண்டக்ட் பண்ணக் கிடைச்சது வார்ம்-அப் மட்டுந்தான். ஃபேகல்ட்டி ஒருத்தர் சனிக்கிழமை கூட போன் போட்டு புரோக்ராம்ல எழுத்துப்பிழை பாருன்னுவாரு, அதெல்லாம் எந்த மணிக்கணக்குல சேருமோ.

டிஎம்ஏ_அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. பாப்பா, உன் டிஏ 0.25ஆ 0.5ஆ, அதாவது கால் நேர வேலையா அரை நேர வேலையா? விசா எஃப்-1, ஸ்டூடண்ட் விசா தானே? அதச் சொல்லாம கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லத்தான் செய்வாங்க. எஃப்-1னா வெளிய சர்ச்சுல சம்பளத்துக்கு வேலை பாக்கக்கூடாது, செக்கோ கேஷோ ரெண்டும் தப்புதான், ஸ்டேட்டஸ் போச்சுன்னா படிப்பும் போச்சு. சேகர் சொல்றத கேக்காத. படிப்போட ஒரு அங்கம்னு காட்டி சிபிடி (படிப்போட சேந்த வேலைப் பயிற்சிக்கான அனுமதி) வாங்கிப் போறது தனி, அதுக்கும் பொதுவா ஒரு முழு கல்வியாண்டு முடிஞ்சிருக்கணும். மத்தவங்களோட சேந்து சம்பளமில்லாம பாடிட்டு வர்றதுல பிரச்சனை இல்ல.

காசுக்கு வழி இருக்கு. பல யூனிவர்சிட்டியில குறுகிய கால எமர்ஜென்சி லோன் தருவாங்க, ஃபீஸ தவணையா கட்டலாமான்னு பர்சார் ஆபீஸ்ல (ஃபீஸ் வாங்குற இடம்) கேளு, சில இடத்துல சம்பளத்துலயே பிடிச்சுக்குவாங்க. எஸ்எஸ்என்னுக்கு (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) அப்ளை பண்ண, நாட்டுக்குள்ள வந்து 10 நாள் கழிச்சு, டிபார்ட்மென்ட் லெட்டரும் இன்டர்நேஷனல் ஆபீஸ் லெட்டரும் எடுத்துட்டுப் போ. ஐ-9 பேப்பர (வேலை பாக்க அனுமதி இருக்குன்னு காட்டுற ஃபார்ம்) தள்ளிப் போடாத, அது முடியலன்னா சம்பளமும் தள்ளும். பே ஸ்லிப்ல சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு வரி பிடிச்சிருந்தா பேரோல் (சம்பளம் போடுற) ஆபீஸ்ல சொல்லு, எஃப்-1 மாணவங்களுக்கு பொதுவா முதல் 5 காலண்டர் வருஷம் அது கிடையாது.

ஊர் சர்ச்சுல டோனிக் சோல்ஃபா (டோ ரே மி எழுத்து நோட்ஸ்) பாத்துப் பாடுனவதானே நீ? இங்க பல காலேஜ்ல ஆரல் ஸ்கில்ஸ் (காதால கேட்டுப் பாடிப் பழகுற கிளாஸ்) மூவபிள் டோலதான், அதே மாதிரி சுருதிக்கு ஏத்தபடி டோ மாறுற முறையிலதான், எடுக்குறாங்க. அந்த கிளாஸுக்கு டிஏவா ஆள் வேணுமான்னு கேட்டுப்பாரு, ரைசர் தூக்கறத விட நல்லது.

ஆல்டோ_பாளை:
அக்கா எஃப்-1தான், 0.25, வாரம் 10 மணி நேரம். சர்ச்சுல முடியாதுன்னு சொல்லிடுறேன். டான்ஸ் டிபார்ட்மென்ட்ல கிளாஸுக்கு பியானோ வாசிக்க ஆள் வேணும்னு நோட்டீஸ் பாத்தேன், அதுக்குப் போகலாமா?

டிஎம்ஏ_அக்கா:
தாராளமா. சம்பளம் யூனிவர்சிட்டி பேரோல்லதான் வருதான்னு மட்டும் கேட்டுக்கோ. செமஸ்டர் நடக்குற சமயத்துல ரெண்டும் சேத்து வாரம் 20 மணி நேரத்தத் தாண்டக்கூடாது. டிஏ இருக்குறவங்க ரெண்டாவது வேலை எடுக்க கிராஜுவேட் ஸ்கூல் அனுமதி சில இடத்துல கேப்பாங்க, மொதல்ல அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுரு.