இவி6 நான்கு சக்கர இயக்கம், 21,400 கி.மீ.: டயர்களை இடம் மாற்றலாமா, தேயட்டும் என்று விடலாமா?

அடையாறு_மின்வண்டி:
என்னுடையது கியா இவி6, இரட்டை மோட்டார். 21,400 கி.மீ. ஓடிவிட்டது, இதுவரை டயர்களை முன்னுக்கும் பின்னுக்கும் இடம் மாற்றவில்லை. சர்வீஸில் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், நானும் "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நேற்றுதான் டயர் பள்ளத்தின் ஆழம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி அளந்தேன். முன்பக்கம் இரண்டும் 5.9 மி.மீ., பின்பக்கம் இரண்டும் 4.2. புதிதாக இருந்தபோது 8. நான்கும் ஒரே அளவு, 235/55 ஆர்19. வடகிழக்குப் பருவமழை வேறு வரப்போகிறது. அலுவலக நண்பர், மின்சாரக் காருக்கு இதெல்லாம் வேண்டாம் என்கிறார். எதிர்வீட்டுக்காரரோ 5,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுகிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய_பட்டறை:
எதிர்வீட்டுக்காரர் பேச்சைக் கேளுங்கள், தம்பி. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நான்கிலும் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டி, ஒரே உயரம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும், நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும், சூடேறும், ஒரு நாள் கையை விரித்துவிடும். டயர் காசை மிச்சம் பிடிக்கப் போய் கியர் பெட்டிக்குக் காசு கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
ஐயா, நீங்கள் சொல்வது டீசல் வண்டிக்கு நூற்றுக்கு நூறு சரி. இந்தக் காரில் முன்னையும் பின்னையும் இணைக்கும் ஷாஃப்டே (சுழலும் தண்டு) கிடையாது. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், இரண்டுக்கும் நடுவில் பேட்டரியும் கம்பியும்தான். தேவையில்லாதபோது முன் மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவித்துவிடும் ஏற்பாடும் இதில் உண்டு; பின்டயர் அதிகம் தேய்வதற்கு அதுவே முக்கியக் காரணம். 1.7 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் அரை சதவீதம்கூட இல்லை. முறுக்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

இப்போது காசுக் கணக்கு. பின்டயர் 3.8 மி.மீ. தேய்ந்திருக்கிறது, முன்டயர் 2.1. மழைக்காலத்தை நினைத்து 3 மி.மீ. வந்ததும் கழற்றிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதையும் தொடாமல் விட்டால் பின்ஜோடி 28,000 கி.மீ. வாக்கில் முடியும், முன்ஜோடி 51,000 வரை வரும். புதிதிலிருந்தே ஒழுங்காக மாற்றிக்கொண்டு வந்தால் நான்கும் 36,000 வாக்கில் ஒன்றாக முடியும். ஒரு லட்சம் கி.மீ.க்கு எத்தனை டயர் என்று வகுத்துப் பாருங்கள். முதல் வழியில் 11, இரண்டாம் வழியிலும் 11. தேய்கிற ரப்பர் ஒன்றுதான். மாற்றுவதால் மிச்சம் என்பது கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. நான்கையும் ஒரே நாளில் வாங்கும் வலிதான் மிச்சம்.

கோவை_சக்கரம்:
கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் டயர் கணக்குப் புத்தகத்தில் ஓடவில்லையே. ஒரு டயர் ஒரே மூலையில் 28,000 கி.மீ. கிடந்தால் பட்டன்கள் ரம்பப் பல் மாதிரி சாய்ந்து தேயும். உள்ளங்கையை ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் சுரண்டும். டீசல் காரில் என்ஜின் சத்தத்தில் அது அமுங்கிவிடும். இவற்றில் என்ஜினும் இல்லை, 60 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். பேரிங் போய்விட்டது என்று நான் இரண்டு முறை வண்டியைத் தூக்கிப் பார்த்தேன், கடைசியில் டயர்! 4.5 மி.மீ. பட்டன் இருந்தும் சத்தம் தாங்காமல் அந்த ஜோடியைக் கழற்றினேன். உங்கள் 11 அங்கேயே உடைந்துவிட்டது.

மழையைப் பற்றியும் யோசியுங்கள். தேய்ந்த ஜோடி பின்னால் இருந்தால் தேங்கிய தண்ணீரில் பின்பக்கம்தான் முதலில் மிதக்கும். முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி சுழலும்.

கணக்கப்பிள்ளை:
நான் சொல்லும் வழியிலும் புது ஜோடி பின்னால்தானே போகும்?

கோவை_சக்கரம்:
28,000 ஆனபிறகு போகும். இந்த நவம்பரில்? அவர் 4.2-ஐப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். இன்று மாற்றினால் பின்னால் 5.9. பட்டறையில் ஒரு மணி நேர வேலை.

மொன்றியல்_குளிர்:
எங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம். ஆகவே வருடம் இரண்டு தடவை நான்கு சில்லுகளையும் எப்படியும் கழற்றுகிறோம், இடம் மாற்றும் வேலையும் அதோடு முடிந்துவிடும். கழற்றும்போது ஒவ்வொன்றின் உட்புறத்திலும் சோக்குக் கட்டியால் "மு.வ", "பி.இ" என்று எழுதிவைப்பேன். எழுதாமல் விட்ட வருடம் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் கராஜில் நின்று முழித்தேன்.

என்னுடையது ரெஸ்லா மொடல் வை. அதன் கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது ஆழ வித்தியாசம் 1.5 மி.மீ., இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று இருக்கிறது. எனக்கு இரண்டாவது நிபந்தனைதான் எப்போதும் முந்துகிறது. உங்களுக்கு 1.7 வந்துவிட்டது. கிலோமீற்றரைப் பார்த்து ஏன் சண்டை?

அடையாறு அண்ணைக்கு ஒரு கேள்வி: ஆழத்தை எந்த இடத்தில் அளந்தீர்கள்?

அடையாறு_மின்வண்டி:
நடுவில். ஏன்?

மொன்றியல்_குளிர்:
உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்திலும் அளந்து போடுங்கள். பிறகு பேசுவோம்.

அடையாறு_மின்வண்டி:
அளந்துவிட்டேன். முன்சக்கரத்தைத் திருப்பி வைத்து எளிதாகப் பார்த்துவிட்டேன். பின்சக்கரத்துக்குக் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் பழைய நாளிதழை விரித்துப் படுத்து, கைபேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு அளக்க வேண்டியதாயிற்று. காவலாளி வந்து என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். முன்பக்கம் இரண்டும் எல்லா இடத்திலும் 5.8, 5.9. பின் வலது: உள் 4.0, நடு 4.2, வெளி 4.2. பின் இடது: உள் 2.9, நடு 4.2, வெளி 4.3.

வேளச்சேரி_வாசி:
அப்படியென்றால் குறுக்கே மாற்றிவிடுங்கள். பின் இடதை வலப்பக்கம் கொண்டுபோனால் உள்விளிம்பு வெளியே வந்துவிடும், தேய்மானம் சமமாகிவிடும்.

கோவை_சக்கரம்:
வராது நண்பரே. எந்தப் பக்கம் மாட்டினாலும் ரிம்மின் முகம் வெளியேதான் இருக்கும், உள்விளிம்பு உள்ளேதான் இருக்கும். சுழலும் திசை மட்டும் மாறும். ரம்பப் பல்லுக்கு அது மருந்து, உள்விளிம்புக்கு அல்ல. அதை வெளியே கொண்டுவர டயரை ரிம்மிலிருந்து உரித்துத் திருப்பிப் போட வேண்டும். பக்கச்சுவரில் "வெளிப்புறம்" என்று எழுதியிருக்கும் டயரில் அதையும் செய்யக்கூடாது. திசை அம்புக்குறி இருந்தால் குறுக்கே மாற்றவே முடியாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும்தான்.

கணக்கப்பிள்ளை:
இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி. பின் இடது கோணம் கெட்டிருக்கிறது. அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பது) பார்க்காமல் இடம் மாற்றினால் நல்ல முன்டயரையும் அதே மூலைக்குப் பலி கொடுப்பீர்கள். என் வழியில் ஒரு டயர்தான் கெடும்!

பழைய_பட்டறை:
ஷாஃப்ட் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஜாக்கி வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். என் மருமகன் காரை ஓர் இடத்தில் டிராலி ஜாக்கியால் நட்டநடுவில், பேட்டரிக்கு அடியில் தூக்கினார்கள். நான் கத்திய கத்தலில் இறக்கிவிட்டார்கள், ஆனாலும் அடித்தகட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. ஓரத்தில் அதற்கென்று குறித்த இடம் இருக்கிறது, ரப்பர் கட்டை வைத்து அங்கேதான் தூக்க வேண்டும். நட்டையும் காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடித்துவிட விடாதீர்கள், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் போடச் சொல்லுங்கள்.

மொன்றியல்_குளிர்:
எத்தனை நியூட்டன் மீற்றர் என்பதைக் கையேட்டில் பார்த்துச் சொல்லுங்கள். மொடல் வைக்கு 175, அதையே கியாவுக்கும் போட்டுவிடக் கூடாது.

அடையாறு_மின்வண்டி:
பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன். முதலில் அலைன்மென்ட். பின் இடதில் டோ, அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு திரும்பியிருக்கும் கோணம், வெளியே போயிருந்தது, சரிசெய்தார்கள். பிறகு பின்டயர் இரண்டும் அதே பக்கத்தில் நேராக முன்னால், முன்டயர் இரண்டும் குறுக்கே பின்னால். அம்புக்குறி இல்லை, பார்த்துவிட்டுத்தான் செய்தேன். உள்விளிம்பு 2.9 இருக்கும் அந்த ஒரு டயர் இப்போது முன் இடதில் இருக்கிறது, இந்த மழைக்காலம் முடிந்ததும் அந்த ஜோடியைத் தூக்கிவிடுவேன். ஜாக்கி வைக்கும்போது பக்கத்திலேயே நின்றேன், பட்டறைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. இதுவரை பின் இருக்கையிலிருந்து கேட்ட முனகல் இப்போது என் காலடியில் கேட்கிறது.

கணக்கப்பிள்ளை:
ஆக, கடைசியில் ஜோடியாகத்தான் வாங்கப்போகிறீர்கள்.

கோவை_சக்கரம்:
மழை முடிந்து, முழு உயிரோடு வாங்கப்போகிறார்.

கணக்கப்பிள்ளை:
25,000-இல் மூன்று இடத்திலும் அளந்து போடுங்கள். என் தாளை இன்னும் மடிக்கவில்லை.